செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி

எங்கள் வீட்டில் ஹால், டைனிங், மூன்று பெட்ரூம் என்று ஐந்து இடங்களில் சுவரில் லேன் பாயிண்ட், அதாவது இணைய ஒயரைச் சொருகும் துளை, இருக்கிறது. சென்னைப் பெரும்பாக்கத்தில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகப்போகிறது, போன மாதம்வரை அந்த ஐந்தில் ஒன்றுகூட வேலை செய்ததில்லை. வந்த புதிதில் ஒருநாள் லேப்டாப்பிலிருந்து ஒயர் போட்டுச் சொருகிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, பில்டர் சும்மா பிளேட்டை மட்டும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று நானே முடிவுகட்டி அதற்கு முன்னால் புத்தக அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டேன். அந்த முடிவு தப்பு. சுவருக்குள் கேட் 6 என்ற நல்ல ரக லேன் ஒயர் முழுசாக ஓடியிருந்தது. அதன் மறுமுனையை யாரும் எதிலும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதைத் தேடிப் போகவைத்தது என் மனைவியின் வேலை. அவருக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் மீட்டிங் எல்லாம், உட்கார்ந்து வேலை செய்வது கடைசி பெட்ரூமில். மோடம் இருப்பதோ ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். நடுவில் மூன்று சுவர். எங்கள் கட்டடத்தில் செங்கல் கிடையாது, அலுமினிய ஃபார்ம் போட்டு சுவரையே கம்பி கட்டிக் கான்கிரீட்டாக வார்த்திருக்கிறார்கள், அதனால் வைஃபை அங்கே போய்ச் சேருவதற்குள் உயிரை விட்டுவிடும். ஹாலில் 200 எம்பிபிஎஸ் வரும் அதே இணைப்பு அந்த அறையில் 11 காட்டும், சில நேரம் 4. "இன்னிக்கும் நான் பேசிட்டிருக்கும்போதே கட் ஆயிருச்சுங்க" என்று வாரத்துக்கு மூன்று நாளாவது வெளியே வந்து சொல்வார். இரவு பத்து மணிக்கு டைனிங் டேபிளில் லேப்டாப்போடு உட்கார்ந்து, அப்பா தூங்குகிறார் என்பதற்காகக் குரலை அடக்கிப் பேசுவார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சுவரில் ஒரு கோடு வெட்டிப் புதிதாக ஒயர் இழுத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், எங்கள் பிளாக்கில் பாதி வீட்டுக்கு அவர்தான் வேலை பார்க்கிறார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது ஃபுல்லா கான்கிரீட், வெட்டவே கூடாது, அசோசியேஷன்லயும் விடமாட்டாங்க. ஆனா உங்களுக்குத்தான் பில்டரே பைப் போட்டுக் கொடுத்திருக்காரே, அந்தப் பெட்டியைத் திறந்து பாத்தீங்களா?" என்றார். எந்தப் பெட்டி என்று கேட்டேன். வாசல் கதவுக்குப் பக்கத்தில் செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினார். பின்னால் சுவரோடு சுவராக வெள்ளை பெயிண்ட் அடித்த ஒரு தகரக் கதவு. கரண்ட் டிபி பெட்டி மேலே தனியாக இருந்ததால் இது என்ன என்று நான் யோசித்ததே இல்லை. திறந்தால் உள்ளே ஆறு நீல ஒயர்கள், இரண்டு கேபிள் டிவி ஒயர்கள், ஒரு பிடி சிமெண்ட் தூசி.

இதே பிளாக்கில் நான் விசாரித்த வீடுகளில் யாருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றித் தெரியாது. அதனால் நான் இங்கே விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். லேன் பாயிண்ட் என்பது கரண்ட் பிளக் மாதிரி இல்லை. பிளக்கில் எதைச் சொருகினாலும் கரண்ட் வரும், ஏனென்றால் அதன் பின்னால் ஈபி லைன் ஏற்கெனவே நிற்கிறது. லேன் பாயிண்டுக்குப் பின்னால் ஒன்றும் நிற்பதில்லை. அது ஒரே ஒரு ஒயரின் ஒரு முனை, மறுமுனை அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. ஒவ்வொரு அறையிலிருந்தும் தனித்தனியாக ஒரு ஒயர் வந்து அந்த ஒரே இடத்தில் கூடுகிறது, அறைக்கு அறை தொடர்பு கிடையாது. பெட்டிக்குள் அந்த முனைகளையெல்லாம் ஒன்றுசேர்க்க ஒரு ஸ்விட்ச் வைத்தால்தான் வீடு முழுக்க உயிர் வரும். லைட் ஸ்விட்ச் அல்ல, ஐந்து போர்ட், எட்டு போர்ட் (ஒயர் சொருகும் துளை) என்று கடையில் கிடைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச். அதற்கு செட்டிங் எதுவும் தேவையில்லை, சொருகினால் போதும். கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சுகளும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன.

சரி, மோடம் ஹாலில் இருக்கிறது, பெட்டி வாசலில் இருக்கிறது, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள். என் முதல் யோசனையும் மோடத்தைப் பெயர்த்துப் பெட்டிக்குள் கொண்டுபோவதாகத்தான் இருந்தது. நல்லவேளை அதைச் செய்யவில்லை. நாம் மோடம் என்று பழக்கத்தில் சொல்லும் இந்தப் பெட்டி உண்மையில் ஓஎன்டி, கண்ணாடி இழையில் ஒளியாக வருவதை மின் சமிக்ஞையாக மாற்றுவது. வைஃபையும் அதற்குள்தான் இருக்கிறது. அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினால் வைஃபை வெளியே வராது, உள்ளே சூடும் ஏறும். அதோடு ஃபைபர் ஒயரை நாமே நகர்த்துவது ஆபத்தான காரியம், ஒடித்து மடக்கினால் ஒளி கசிந்துவிடும், முனையில் தூசி பட்டாலே சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்துவிடும், கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது கூடவே கூடாது, அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

மோடத்தை நகர்த்தத் தேவையே இல்லை. ஒயருக்கு இந்தப் பக்கம் உள்ளே, அந்தப் பக்கம் வெளியே என்று எதுவும் கிடையாது. ஹாலில் இருக்கும் லேன் பாயிண்டுக்கு மோடத்தின் ஒரு லேன் போர்ட்டிலிருந்து ஒரு சின்ன பேட்ச் கார்டு, அதாவது இரண்டு பக்கமும் பிளக் உள்ள குட்டி லேன் ஒயர், போட்டால், அது சுவர் வழியாக வாசல் பெட்டிக்குப் போய்விடும், அங்கே அந்த முனையை ஸ்விட்சில் சொருகு, மற்ற அறைகளின் முனைகளையும் அதே ஸ்விட்சில் சொருகு, முடிந்தது. மோடம் இருக்கும் இடத்திலேயே இருக்கும், ஹாலில் வைஃபை முன்போலவே வரும், பெட்ரூம் பாயிண்டுகள் எல்லாம் உயிர் பெறும். ஒரே ஒரு ஹால் பாயிண்ட் இதற்குப் போய்விடுகிறதே, டிவிக்கு என்ன செய்வது என்றால், டிவி மோடத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, நேராக மோடத்தின் அடுத்த போர்ட்டில் சொருகிவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், சில மோடங்களில் ஒரு லேன் போர்ட் மட்டும்தான் கிகாபிட், மீதியெல்லாம் 100. வீடு முழுக்கப் போகும் ஒயரை அந்த கிகாபிட் போர்ட்டில்தான் போட வேண்டும்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் ஒரு மணி நேர வேலை. எனக்கு நான்கு சாயங்காலம் ஆனது, காரணம் ஒயர்களின் முனைகள்.

ஆறு ஒயரில் ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. இரண்டில் பிளக் அடித்திருந்தது, நான்கு வெறும் முனை. எந்த ஒயர் எந்த அறைக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு லேன் டெஸ்டர், ஒயர் முனையில் பிளக் அடிக்கும் கிரிம்பிங் டூல், சுவர் பிளேட்டின் ஜாக்கில் கம்பியை அமுக்கி இறக்கும் பஞ்சிங் டூல், ஒரு பை நிறைய பிளக் வாங்கிவந்தேன். டெஸ்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இரண்டு துண்டு, ஒன்றை இந்த முனையிலும் மற்றதை அந்த முனையிலும் சொருகினால் 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரியும். நான் வாசலில் ஒவ்வொரு ஒயராகச் சொருக, பையன் அடுத்த துண்டை எடுத்துக்கொண்டு அறை அறையாக ஓடி "வந்துருச்சுப்பா" என்று கத்துவான். பதினோரு வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல விளையாட்டு இருக்க முடியாது. ஐந்து ஒயர் தெரிந்துவிட்டது. ஆறாவது எந்த அறையிலும் இல்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் சொன்னார், அது லிஃப்ட் பக்கத்தில் மாடிக்கு மாடி ஒயர் போகும் ஷாஃப்டுக்குப் போகிறது என்று. யோசித்தால் புரிகிறது. முன்பெல்லாம் பல பிராட்பேண்ட்காரர்கள் ஃபைபரைக் கட்டடம்வரை கொண்டுவந்து, அங்கே ஒரு ஸ்விட்ச் வைத்து, வீட்டுக்கு வீடு லேன் ஒயர்தான் இழுப்பார்கள். பில்டர் அந்தக் காலத்துக் கணக்கில் வரைபடம் போட்டிருக்கிறார்: இணையம் ஷாஃப்டிலிருந்து வாசல் பெட்டிக்கு வரும், அங்கிருந்து அறைகளுக்குப் பிரியும். நாங்கள் குடிவரும்போது ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வர ஆரம்பித்துவிட்டது, ஃபைபர்காரர் பால்கனி வழியாக ஹாலுக்குள் கொண்டுவந்து, "டிவி பக்கத்துலயே வச்சுடறேன் சார், எல்லா ரூமுக்கும் வைஃபை வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பில்டரின் ஆள் பிளேட் மாட்டியதோடு தன் வேலை முடிந்தது என்று போய்விட்டார். இரண்டு பேரும் அவரவர் வேலையைச் செய்திருக்கிறார்கள், நடுவில் இருக்கும் அந்தப் பெட்டியைத் திறப்பது யாருடைய வேலை என்று மட்டும் எழுதப்படவில்லை.

கடைசி பெட்ரூம், என் மனைவியின் அறை. ஒயரை ஸ்விட்சில் போட்டு லேப்டாப்பைச் சொருகினேன், இணையம் வந்தது, ஸ்பீடு பார்த்தால் 94. பிளான் 200. லிங்க் ஸ்பீடு, அதாவது லேப்டாப்பும் ஸ்விட்சும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகம், 100 என்று காட்டியது. இந்த எண்ணைப் பார்த்தால் உடனே சந்தேகப்பட வேண்டியது ஒயரைத்தான். லேன் ஒயருக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அதில் இரண்டு ஜோடி போதும், பிளக்கில் 1, 2, 3, 6 என்ற நான்கு பின்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். மீதி நான்கில் ஒரு கம்பி தொடாவிட்டாலும் இரண்டு பக்கமும் பேசி 100க்கு இறங்கிக்கொள்ளும், புகார் எதுவும் சொல்லாது, நாமும் பிராட்பேண்ட்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம். டெஸ்டர் போட்டால் 7ம் 8ம் எரியவில்லை. பிளேட்டைக் கழற்றினேன், பிரவுன் ஜோடி ஜாக்கின் பள்ளத்தில் பாதிதான் இறங்கியிருந்தது, ஸ்க்ரூ டிரைவரால் அமுக்கியிருக்கிறார்கள் போல. பஞ்சிங் டூலை வைத்து ஒரு அழுத்து, டக் என்று சத்தம் வந்தது, லிங்க் 1000 ஆகிவிட்டது.

நடுப் பெட்ரூம்தான் என்னைப் படுத்தி எடுத்தது. அது அப்பாவின் அறை. அந்த ஒயரில் இரண்டு முனையும் பில்டரின் ஆளே முடித்திருந்தார், டெஸ்டரில் எட்டு விளக்கும் 1, 2, 3 என்று அழகாக வரிசையில் எரிந்தன. ஆனால் லேப்டாப்பைச் சொருகினால் ஒரு நிமிடம் 1000, அப்புறம் 100, அப்புறம் இணைப்பே போய்விடும், மறுபடி வரும். ஸ்விட்ச் போர்ட்டை மாற்றினேன், பேட்ச் கார்டை மாற்றினேன், லேப்டாப்பை மாற்றினேன். இரண்டு சாயங்காலம் போனது. மூன்றாவது நாள் பிளேட்டைக் கழற்றிக் கண்ணாலேயே பார்த்தபோதுதான் தெரிந்தது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பிரவுன், பிரவுன். வாசல் பெட்டிப் பிளக்கிலும் அதே வரிசை. பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! ஜோடி ஜோடியாக, பக்கத்தில் பக்கத்தில். தப்பே அங்கேதான்.

சரியான வரிசை, டி568பி என்று சொல்வார்கள், இப்படி: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி பிரிந்து 3லும் 6லும் நிற்கிறது, நடுவில் 4லும் 5லும் நீலம். பார்ப்பதற்கு ஏறுக்குமாறாக இருக்கும் இந்த வரிசை பழைய டெலிபோனிலிருந்து வந்தது, போன் லைன் எப்போதும் நடு இரண்டு பின்னில்தான், அதனால் நீலம் நடுவில் உட்கார்ந்துவிட்டது, அடுத்த ஜோடி அதைச் சுற்றி இரண்டு பக்கமும் நிற்க வேண்டியதாயிற்று. இதில் என்ன பெரிய வித்தியாசம், கம்பி தொட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒவ்வொரு ஜோடியையும் ஏன் முறுக்கியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது பதில். கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை வாங்கிய யோசனை அது. இரண்டு கம்பியில் ஒன்றுக்கொன்று எதிரான சமிக்ஞையை அனுப்பி, இரண்டையும் முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் தொந்தரவு இரண்டின் மேலும் ஒரே அளவில் விழும், மறுமுனையில் வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் தொந்தரவு கழிந்துவிடும். ஒன்றாக முறுக்கிய இரண்டு கம்பியும் ஒரே சமிக்ஞையின் இரண்டு பாதிகளாக இருந்தால்தான் இது நடக்கும். அப்பா அறை ஒயரில் 3க்குப் பச்சை ஜோடியிலிருந்து ஒரு கம்பி, 6க்கு நீல ஜோடியிலிருந்து ஒரு கம்பி. முறுக்கு இருக்கிறது, ஆனால் தப்பான துணையோடு. ஒரு சமிக்ஞை பக்கத்து ஜோடிக்குள் கசிந்துகொண்டே இருந்தது. விளக்கு டெஸ்டர் கம்பி தொடுகிறதா என்று மட்டும் பார்க்கும், எந்தக் கம்பி எதோடு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டு முனையிலும் ஒரே தப்பு இருந்ததால் எட்டு விளக்கும் எரிந்தன.

அந்த நூறு வருடத்துக்கும் மேலான யோசனை என் அப்பாவின் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் வேலை செய்துகொண்டிருக்கிறது, அதை ஒரு தப்பின் மூலமாகத்தான் நான் புரிந்துகொண்டேன் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது. இரண்டு முனையையும் வெட்டி, சரியான வரிசையில் மறுபடி போட்டேன். ஜாக்கிலேயே ஏ, பி என்று இரண்டு வண்ண வரிசை ஒட்டியிருக்கும், எதை எடுத்தாலும் சரி, இரண்டு முனையிலும் ஒன்றையே எடுக்க வேண்டும். முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள், அரை அங்குலம், அதாவது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகவேண்டாம். அதன்பிறகு அந்த அறையில் இணைப்பு ஒருமுறைகூட விழவில்லை.

வாசல் பெட்டி முனைகளில் நான் கடைசியில் பிளக் அடிக்கவில்லை, ஜாக்கே போட்டு அங்கிருந்து ஸ்விட்சுக்குச் சின்னப் பேட்ச் கார்டு போட்டேன். சுவருக்குள் ஓடுவது கெட்டிக் கம்பி, அதை அடிக்கடி வளைத்தால் ஒடியும். பேட்ச் கார்டில் இருப்பது நூல் நூலான மெல்லிய கம்பி, அதுதான் சொருகிக் கழற்றுவதற்கு.

ஸ்விட்சுக்குக் கரண்ட் வேண்டுமே, பெட்டிக்குள் பிளக் பாயிண்ட் இல்லை. பில்டர்கள் இதை ஏன் விடுகிறார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது. அதை நான் தொடவில்லை, அண்ணன் வந்து பக்கத்து லைட் போர்டிலிருந்து தனி பைப்பில் ஒரு லைன் இழுத்துக் கொடுத்தார். கரண்ட் ஒயரும் லேன் ஒயரும் ஒரே பைப்பில் போகக்கூடாது, அதை அவரே சொன்னார்.

இன்னொரு இடத்திலும் கொஞ்சம் நேரம் போனது. மனைவியின் அறையில் போனுக்கும் வைஃபை வேண்டும் என்று வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரைச் சுவர் பாயிண்டில் மாட்டினேன். அதன் லேன் போர்ட்டில் சொருகியதும் வீடே குழம்பிவிட்டது, மோடமும் 192.168.1.1, ரவுட்டரும் 192.168.1.1, இரண்டும் வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிக்கும் முகவரி கொடுக்க ஆரம்பித்தன. சரி என்று இணையம் உள்ளே வருவதற்கான அதன் நெட் போர்ட்டில் மாற்றிச் சொருகினால், இணையம் வந்தது, ஆனால் அந்த அறையின் ரவுட்டர் தனி வீடு மாதிரி ஆகி, அங்கே இருக்கும் பிரிண்டர் ஹாலிலிருந்து தெரியவில்லை. ரவுட்டரின் செட்டிங்கில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் (முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் கொடுப்பது) என்று இருந்தது, அதைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. உங்கள் ரவுட்டரில் அது இல்லையென்றால், அதன் ஐபி முகவரியை வேறாக மாற்றி, முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, லேன் போர்ட்டில் சொருகினாலும் அதே பலன்.

மூன்றாவது மாடியில் ஒரு அம்மா இருக்கிறார், மகன் வெளிநாட்டில், அவன் வீடியோ காலில் வரும் ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வாரமே. வைஃபை வரவில்லை என்று மகன் ஒன்றிலிருந்து ஒன்று வைஃபையை வாங்கிக் கடத்தும் மூன்று மெஷ் பெட்டிகள் வாங்கி அனுப்பியிருந்தான், அதுவும் அந்தக் கான்கிரீட் சுவரில் திணறிக்கொண்டிருந்தது. அவர் வீட்டிலும் செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினோம். அதே தகரக் கதவு, அதே ஆறு ஒயர். மெஷ் பெட்டிகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அவற்றை ஒன்றோடொன்று ஒயரால் சேர்த்துவிட்டால் காற்றில் பேசிக்கொள்ளும் சுமை போய்விடுகிறது, வைஃபை முழுவதும் நம் போனுக்கும் லேப்டாப்புக்கும் கிடைக்கிறது. "என்ன தம்பி, இது இத்தனை நாளா இங்கயேவா இருந்துச்சு?" என்று கேட்டார்.

புதிதாக வீடு கட்டுபவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. டிவி வரும் சுவருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு லேன் ஒயர் கேளுங்கள். பெட்டிக்குள் பிளக் பாயிண்ட் கேளுங்கள். ஒயர் முழுச் செம்பா என்று பாருங்கள், அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசிய மட்ட ஒயரும் கேட் 6 என்ற பெயரில் விற்கிறது, பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வீட்டுக்குள் தூரம் ஒரு பிரச்சினையே அல்ல, கேட் 5இ ஒயரே 100 மீட்டருக்குக் கிகாபிட் தாங்கும். பூசுவதற்கு முன்னால் பைப் எங்கெங்கே போகிறது என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சாயங்காலம் பையனும் நானும் ஒயர்களுக்குப் பெயர் ஒட்டினோம். அவன்தான் எழுதினான்: ஹால், டைனிங், தாத்தா ரூம், என் ரூம், அம்மா ஆபீஸ். ஆறாவது ஒயரைச் சுருட்டிக் கட்டி, அதிலும் ஒரு சீட்டு ஒட்டச் சொன்னேன். "ஷாஃப்டுக்குப் போகுது, நல்லா இருக்கு, வெட்டாதீங்க" என்று எழுதி ஒட்டினான்.